இருதயமும் எட்டு மணி நேரமும்

இருதய நோயும் நீரிழிவும் பணக்காரரின் வியாதிகள் என்றொரு நம்பிக்கை நம் மக்களிடையே நெடுநாளாக நிலவி வருகிறது. நெய்யும் பாலும் உண்டு, பஞ்சு மெத்தையில் படுத்து, வண்டியிலேயே போய் வருபவனுக்கு வருவது. உழைத்து உண்பவனை அது அண்டாது என்று தோழர்கள் பலர் சொல்லக் கேட்கிறோம். ஒரு காலத்தில் அதில் ஓரளவு உண்மை இருந்தது. இன்று இல்லை! இல்லை என்பதை இருமுறை சொன்னாலும் தகும்.

சென்னை மாநகரிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. நடுத்தர வருவாயினர் வாழும் பகுதி ஒன்றையும், குறைந்த வருவாயினர் வாழும் பகுதி ஒன்றையும் மருத்துவ ஆய்வாளர்கள் 1990-களின் பிற்பகுதியில் எடுத்துக்கொண்டு, யார் யாருக்கு நீரிழிவு இருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். நடுத்தர வருவாய்ப் பகுதியில் நூற்றுக்கு 12.4 பேர், ஏழைகள் பகுதியில் 6.5 பேர். பணக்கார வியாதி என்ற பேச்சுக்கு அன்று இடமிருந்தது. பத்தாண்டுகள் கழித்து மீண்டும் கணக்கெடுத்தார்கள். நடுத்தர வருவாய்ப் பகுதியில் 15.4 பேர். ஏழைகள் பகுதியில்? 15.3 பேர்!

வருவாயில் சமத்துவம் வரவில்லை. வீட்டில், கல்வியில், மருத்துவத்தில் சமத்துவம் வரவில்லை. வியாதியில் மட்டும் வந்துவிட்டது! ஒருவன் நோயைத் தாங்கச் சேமிப்பு வைத்திருக்கிறான். மற்றவன் ஒரு நாள் படுத்தால் அடுப்பெரியாது. இதுதானா சமத்துவம்?

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வு, இந்நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேற்பட்டவர்கள் என்று கூறுகிறது. நீரிழிவின் வாசற்படியில் நிற்பவர்கள் 13 கோடியே 60 லட்சம் பேர். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14.4 பேருக்கு நீரிழிவு. அதாவது ஏழு பேர் கூடிய இடத்தில் ஒருவருக்கு! நம் கிளைக்கூட்டத்துக்கு வருகிற தோழர்களை எண்ணிப் பாருங்கள், கணக்கு விளங்கும். நீரிழிவு வந்தவருக்கு இருதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு. இரண்டும் தனித்தனிப் பகைவர்கள் அல்ல; ஒன்றுக்கொன்று கதவு திறந்துவிடும் கூட்டாளிகள்.

இந்தக் கூட்டாளிகளைத் தடுக்கும் காவல் எது? விலை கொடுத்து வாங்கும் மருந்தா? சீமையிலிருந்து வரும் சத்துமாவா? உடலை அசைப்பதுதான் முதற்காவல் என்று அறிவியல் சொல்கிறது. அதை மெய்ப்பித்தவர்கள் மாளிகைவாசிகள் அல்ல, பஸ் தொழிலாளர்கள்! ஆகவேதான் இதை நம் ஏட்டில் எழுத வேண்டியது கடமையாகிறது.

படியேறியவரும் உட்கார்ந்தவரும்

இரண்டாம் உலகப்போர் முடிந்த காலம். பிரிட்டனில் மாரடைப்பால் இறப்போர் பெருகி வந்தனர். ஏன் என்று எவருக்கும் விளங்கவில்லை. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர், நோயாளியின் படுக்கையருகே தேடுவதைவிட அவன் செய்யும் தொழிலில் தேடுவோம் என்று புறப்பட்டார். லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர் ஏறத்தாழ 31,000 பேரின் ஏடுகளை எடுத்தார்.

லண்டனில் அன்று ஓடியவை மாடி பஸ்கள். ஒரே பஸ்ஸில் இருவர் வேலை. டிரைவர் வேலைநேரத்தில் பெரும்பகுதி உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்குவார்; ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள். இருவரும் ஒரே வர்க்கம். ஒரே நகரம், ஒரே பணிமனை. கிட்டத்தட்ட ஒரே வாழ்க்கை. வேறுபாடு அந்தப் படிகள்தான்.

கணக்கு என்ன சொல்லிற்று? ஆண்டொன்றுக்கு ஆயிரம் டிரைவர்களில் 2.7 பேருக்கு இருதய நோய். ஆயிரம் கண்டக்டர்களில் 1.9 பேருக்கு. கண்டக்டருக்கு வந்தாலும் பிற்பட்ட வயதிலேயே வந்தது. வந்தவுடன் உயிரைப் பறிப்பதும் குறைவாக இருந்தது. தபால்காரர்களையும், அதே இலாகாவில் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்த எழுத்தர்களையும் ஒப்பிட்டார். நடந்தும் சைக்கிளிலும் தபால் கொடுத்தவர்களுக்கு நோய் குறைவு, அமர்ந்தவர்களுக்கு அதிகம். இந்த முடிவுகள் 1953 நவம்பரில் 'லான்செட்' ஏட்டில் வெளிவந்தன.

ஐயம் கிளப்பியவர்கள் இருந்தார்கள். ஐயம் கிளப்புவது குற்றமல்ல. அறிவியலுக்கு அதுவே உரம். மாரிஸே தம் முடிவை ஐயுற்று, தொழிலாளர்களுக்குத் தைத்துக் கொடுத்த சீருடையின் அளவுகளைத் தேடி எடுத்தார். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பளவு தொடக்கத்திலேயே கண்டக்டர்களுடையதைவிடப் பெரிது என்று கண்டு, 1956-இல் அதையும் மறைக்காமல் வெளியிட்டார். பருமனானவர்களே டிரைவர் வேலைக்கு வந்தார்கள் என்றால், நோய்க்குக் காரணம் இருக்கையா, இடுப்பா? மறுபடி ஆராய்ந்தார்கள். ஒல்லியாயினும் பருமனாயினும் டிரைவருக்கே மாரடைப்பு அதிகம் என்று தெரிந்தது. படியேறியதன் பயன் பொய்யல்ல என்பது நிலைத்தது.

அமெரிக்காவில் பாஃபென்பார்கர் என்ற மருத்துவர், சான்பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர் 6,351 பேரை 22 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1975-இல் முடிவை வெளியிட்டார். கடுமையாகச் சுமை கையாண்டவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு 26.9 பேர் இருதய நோயால் இறந்தனர். இலேசான வேலை செய்தவர்களில் 49 பேர். ஏறத்தாழ இரு மடங்கு!

உடலுக்குள் நடப்பது என்ன?

நாம் உண்ணும் சோறும் இட்லியும் சர்க்கரையாகி இரத்தத்தில் சேர்கின்றன. அந்தச் சர்க்கரையை வாங்கிச் செலவழிக்கும் பெரிய பட்டறை நம் தசை. பட்டறையின் கதவைத் திறக்கும் சாவி இன்சுலின். நாளெல்லாம் அசையாதிருப்பவனின் கதவு துருப்பிடிக்கிறது. சாவி சரியாகத் திருகுவதில்லை. சர்க்கரை இரத்தத்திலேயே தேங்குகிறது. நீரிழிவு இப்படித்தான் வருகிறது.

தசை வேலை செய்யும்போதோ, இன்சுலின் சாவி இல்லாமலேயே வேறொரு வழியாகக் கதவு திறந்து சர்க்கரை உள்ளே போகிறது. நடந்து முடித்த பிறகும் ஓரிரு நாள்வரை சாவி நன்றாகத் திருகுகிறது. அதற்கு மேல் அந்தப் பயன் நிற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடந்துவிட்டு வாரமெல்லாம் உட்கார்ந்தால் போதாது என்பதற்குக் காரணம் இதுதான்.

இருதயமும் ஒரு தசையே. கைப்பிடியளவான அது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. பழகிய இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தை அனுப்புகிறது. ஆகவே ஓய்வு நேரத்தில் நிதானமாகத் துடிக்கிறது. இரத்த அழுத்தம் தணிகிறது. இரத்தக் குழாய்கள் இளக்கமாக இருக்கின்றன. நல்ல கொழுப்பு கூடுகிறது. நம் இந்தியர்களுக்கு மேலைநாட்டாரைவிடக் குறைந்த வயதிலேயே, அவ்வளவு பருமன் இல்லாமலே நீரிழிவு வந்துவிடுகிறது. "நான் ஒல்லி, எனக்கு ஏன் வரும்?" என்று கேட்கும் தோழர் இதை நினைவில் கொள்ளட்டும்.

சென்னை கண்ட சோதனை

"நோய் வாசலுக்கே வந்துவிட்டது; இனி நடந்து என்ன பயன்?" என்று சோர்வோர்க்கும் விடை இருக்கிறது. டாக்டர் அ. இராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்து, 2006-இல் முடிவு வெளியான சோதனை அது. நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இரண்டாவது பிரிவுக்கு உணவு மாற்றமும், நாளொன்றுக்கு அரைமணி விரைந்த நடையும். ஏற்கெனவே உடல் வருந்த உழைப்பவர்களும் நடப்பவர்களும் அதைத் தொடர்ந்தால் போதும். மூன்றாவது பிரிவுக்கு மாத்திரை. நான்காவது பிரிவுக்கு இரண்டும்.

மூன்றாண்டுகளில் முதற்பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. நடையும் உணவும் மாற்றிக்கொண்டோரில் 39.3 பேருக்கு. மாத்திரை உண்டோரில் 40.5 பேருக்கு. இரண்டும் செய்தோரில் 39.5 பேருக்கு. நடைக்கும் உணவுக்கும் கிடைத்த பயன் மாத்திரைக்குக் கிடைத்ததற்குக் குறையவில்லை! அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்து 2002-இல் வெளியான சோதனையில், வாரம் 150 நிமிட நடையும் எடைக் குறைப்பும் நோயை 58 விழுக்காடு குறைத்தன. மாத்திரை 31 விழுக்காடுதான் குறைத்தது.

மாத்திரைக்கு விளம்பரம் உண்டு, விற்பனையாளர் உண்டு, இலாபம் உண்டு. நடைக்கு விளம்பரம் செய்பவன் யார்? அதில் எவனுக்கும் இலாபமில்லை, நமக்குத்தான் இலாபம். அதனால்தான் நாம் சொல்லுகிறோம்.

மூட்டை சுமப்பவனுக்கு உபதேசமா?

இங்கே ஒரு கேள்வி எழும், எழவேண்டும். "நாளெல்லாம் மூட்டை சுமக்கிறேன், சித்தாள் வேலை செய்கிறேன். எனக்கு எதற்கு உடற்பயிற்சி?" என்று கேட்பார் தோழர். இதே கேள்வியை வேறு நோக்கத்தோடு முதலாளியும் கேட்பான்: "வேலையே உடற்பயிற்சிதானே! நான் கூலியும் கொடுத்து, ஆரோக்கியமும் அல்லவா கொடுக்கிறேன்!"

இருவருக்கும் விடை உண்டு.

முதலாவது, நம் தொழிலாளர்களில் நாளெல்லாம் உட்கார்ந்திருப்போர் தொகை பெருகிவிட்டது. பஸ், லாரி, ஆட்டோ ஓட்டுவோர், தையல் எந்திரத்தின் முன் குனிந்திருப்போர், கட்டணச் சாவடியில் அமர்ந்திருப்போர், கணிப்பொறியைத் தட்டுவோர் — இவர்களும் பாட்டாளிகளே. லண்டன் டிரைவருக்கு வந்த ஆபத்து இவர்களுக்கும் உண்டு.

இரண்டாவது, ஓய்வோடு கூடிய உழைப்பு வேறு. ஓய்வற்ற உழைப்பு வேறு. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1 லட்சத்து 4 ஆயிரம் பேரைப் பத்தாண்டுகள் கவனித்து 2021-இல் வெளியான ஆய்வு இதைப் பளிச்செனக் காட்டுகிறது. ஓய்வு நேரத்தில் தாமாக விரும்பி உடலை அசைத்தவர்களுக்கு மாரடைப்பு முதலிய தாக்குதல்கள் குறைந்தன. வேலையில் மிகக் கடுமையாக உடலை வருத்தியவர்களுக்கோ, இலேசான வேலை செய்தவர்களைக் காட்டிலும் 35 விழுக்காடு கூடின! காரணம் பற்றி அறிஞர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது. ஆனால் அவர்கள் தரும் விளக்கம் தொழிலாளிக்குப் புரியாததல்ல. நடையில் இருதயம் சிறிது நேரம் விரைந்து துடித்துப் பின் இளைப்பாறுகிறது. எட்டு மணி, பத்து மணி நேரச் சுமையில் இளைப்பாறுவதே இல்லை. பாரம் தூக்கும்போதும் ஒரே நிலையில் நிற்கும்போதும் இரத்த அழுத்தம் ஏறி நிற்கிறது.

அப்படியானால் சான்பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர் பிழைத்தது எப்படி? அவர்களைக் காத்தது விட்டுவிட்டு வேகமாகச் செய்த உழைப்பு என்று அந்த ஆய்வே சொல்லிற்று. இன்னொன்றையும் நாம் சேர்த்துப் பார்க்கிறோம். அவர்கள் நாதியற்ற கூலிகள் அல்லர். 1934-இல் மேற்குக் கடற்கரை முழுவதும் வேலைநிறுத்தம் செய்து, துப்பாக்கிச் சூட்டில் தோழர்களைப் பறிகொடுத்து, நாளுக்கு ஆறு மணி நேரமே அடிப்படை வேலை என்ற தீர்ப்பை வாங்கியவர்கள். அதுதான் இருதயத்தைக் காத்தது என்று ஆய்வு சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. ஆனால் உழைப்பு உடலை வளர்ப்பதும் வதைப்பதும், ஓய்வு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று எண்ணுவதற்கு இடம் இருக்கிறதல்லவா?

நேரம் எங்கே? இடம் எங்கே?

"நடங்கள், ஓடுங்கள்" என்று மேடையில் உபதேசிப்பது எளிது. பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்து, போக வர மூன்று மணி நேரம் பஸ்ஸில் நசுங்கி வருபவனிடம் "காலையில் அரைமணி நட" என்றால் அவன் சிரிக்கமாட்டானா?

எட்டு மணி உழைப்பு, எட்டு மணி உறக்கம், எட்டு மணி நமக்கு என்ற முழக்கத்துக்காக 1886-இல் சிகாகோவில் இரத்தம் சிந்தப்பட்டது. 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடினார். நமக்கென்று கேட்ட அந்த எட்டு மணி நேரத்தில்தான் நம் இருதயத்தின் ஆயுளும் அடங்கியிருக்கிறது என்று இன்றைய மருத்துவம் மெய்ப்பிக்கிறது. 2023 ஏப்ரலில், ஒரு நாள் வேலையைப் பன்னிரண்டு மணிவரை நீட்ட வழிசெய்யும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் பொங்கியெழுந்தன. அந்த மே நாளிலேயே அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. கூலிப் பிரச்சினை மட்டுமா அது? உயிர்ப் பிரச்சினை!

2021-இல் நம் மாநிலத்தில் இன்னொரு சட்டத்திருத்தம் வந்தது. கடைகளில் நாளெல்லாம் நிற்கும் ஊழியர்களுக்கு அமர இருக்கை தரவேண்டும் என்பது அது. அந்த உரிமையின் மறுபக்கத்தை நாம் கேட்கிறோம். நிற்பவனுக்கு உட்கார உரிமை. உட்காருபவனுக்கு எழுந்து நடக்க உரிமை! பஸ் கடைசி நிறுத்தம் சேர்ந்ததும், இறங்கிக் கால் வீசி நடக்கப் பத்து நிமிடம் டிரைவருக்கு வேண்டும். தையற்கூடத்தில் மணிக்கொரு முறை எழுந்திருக்க விடவேண்டும். சுமைப்பணியில் இடைவேளையும், பாரத்தைக் குறைக்கும் கருவிகளும் வேண்டும். ஆலைதோறும் ஆண்டுக்கொரு முறை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப்பட வேண்டும். இவற்றைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்பது தொழிற்சங்கத் தோழர்களின் கடமை.

இடத்தைப் பற்றியும் பேசவேண்டும். நாம் தொடக்கத்தில் சொன்ன சென்னை நடுத்தர வருவாய்ப் பகுதியினர், தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டுப் பூங்கா ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். வாரம் மும்முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தோர் அங்கே நூற்றுக்கு 14.2 பேரிலிருந்து 58.7 பேராக உயர்ந்தார்கள். பாராட்டுகிறோம்! பூங்கா ஒன்றே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பணம் போட்டுப் பூங்கா அமைக்க முடியாத குடிசைப்பகுதியின் கதி என்ன? அங்கே பூங்கா அமைக்கவேண்டியது ஊராட்சியும் மாநகராட்சியும் அல்லவா? 2023-இல் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை வகுத்து அரசு ஒரு திட்டம் தொடங்கியது. நல்லது. அத்தோடு நில்லாமல், தொழிலாளர் குடியிருப்பு ஒவ்வொன்றுக்கும் விளக்கெரியும் தெருவும், கடைகள் விழுங்காத நடைபாதையும், ஒரு விளையாட்டுத் திடலும் வேண்டும்.

பெண்களை மறக்கலாகாது. 2022 நிலவரப்படி இந்தியாவில் போதிய உடலியக்கம் இல்லாத ஆண்கள் நூற்றுக்கு 42, பெண்கள் 57. அடுப்படியும் துணிதுவைப்பும் ஓய்வில்லாத உழைப்புதான்; உடலுக்கு வேண்டிய விரைந்த நடை அவற்றில் இல்லை. மாலையில் நம் சகோதரி நடக்கப் போனால், "இவளுக்கு வேறு வேலையில்லையா?" என்று கேட்கும் வாய் நம் வீட்டிலேயே இருக்கிறது. முதலில் அதை மூடுவோம். வீட்டு வேலையில் பாதியை ஏற்போம்.

தோழர்கள் செய்யவேண்டியது

சட்டம் வரட்டும், திடல் வரட்டும் என்று கைகட்டிக் காத்திருக்கலாமா? நம் கையில் இருப்பதை இன்றே தொடங்குவோம்.

வாரத்துக்கு 150 நிமிடமாவது விரைந்து நடக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 300 நிமிடம் நடந்தால் இன்னும் நன்று. நாளுக்கு அரைமணி, வாரத்துக்கு ஐந்து நாள் என்பது எளிய கணக்கு. எவ்வளவு விரைவு? பேச முடியவேண்டும்; பாட முடியக்கூடாது. அதுவே அளவு. ஒரே மூச்சில் முடியாதவர் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். உணவுக்குப் பின் பத்து நிமிடம் நடப்பது சர்க்கரை ஏறுவதைத் தணிக்கும். சைக்கிள் இருந்தால் மூலையில் துருப்பிடிக்க விடாதீர்கள். பஸ்ஸிலிருந்து ஒரு நிறுத்தம் முன்பே இறங்குங்கள்.

நம் கூட்டங்கள் மூன்று மணி, நான்கு மணி நடக்கின்றன. உட்கார்ந்த இடத்திலேயே மூன்று டீ, கூடவே போண்டா, நடுவே பீடி! ஒரு மணிக்கொரு முறை எழுந்து பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்தால் தீர்மானம் ஓடிப்போய்விடாது. பீடியைப் பிடித்துக்கொண்டே நடந்து பயனில்லை. இருதயத்துக்கு அது நேர்ப்பகை. டீயில் சர்க்கரையைக் குறைப்பது யார் தடுக்கக்கூடிய காரியம்? கிளைதோறும் படிப்பகம் இருப்பதுபோல் கிளைதோறும் ஒரு கபடித் திடல், ஒரு நடைக்குழு அமையட்டும்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. ஏற்கெனவே இருதய நோயோ நீரிழிவோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்கவேண்டும். நடக்கிறோம் என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. நெஞ்சை அழுத்தும் வலி, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் கண்டால் "வாயு" என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். அப்போதே 108-ஐ அழையுங்கள். முப்பது வயது கடந்தவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சங்கத்துக்கு உழைக்கிறவர், கட்சிக்கு உழைக்கிறவர், குடும்பத்துக்கு உழைக்கிறவர் நாற்பத்தைந்தில் சாய்ந்துவிட்டால், இரங்கல் தீர்மானம் போடுவோம், கொடியை இறக்குவோம். அந்தக் குடும்பத்துக்கு அது சோறு போடுமா? இரங்கல் தீர்மானங்களின் தொகையைக் குறைப்பதும் இயக்கப் பணியே.

லண்டன் கண்டக்டர் ஏறிய படிகளுக்குக் கூலி தனியாகக் கிடைக்கவில்லை, உயிர் கிடைத்தது. நாளுக்கு அரைமணியை நமக்காக எடுத்துக்கொள்வோம். அந்த அரைமணியைப் பறிக்க எவன் வந்தாலும், எட்டு மணி நேரத்துக்காகப் போராடிய அதே உறுதியோடு எதிர்த்து நிற்போம்!